தலையை இடப்பக்கம் சாய்த்துத் தூங்கும் பூநாரைகள் சண்டைக்காரப் பறவைகளாமே, உண்மையா?

இடக்கைக்காரர்களைச் சீண்டச் சுற்றிவரும் அந்த வாட்ஸப் செய்தி உங்களுக்கும் வந்துவிட்டது போலிருக்கிறது. ஒன்று, நீங்கள் இடக்கைக்காரராக இருப்பீர்கள். இல்லையென்றால் வீட்டில் ஓர் இடக்கைக்காரரைக் கிண்டல் செய்ய ஆதாரம் தேடுகிறீர்கள். நான் முதல் ரகம். அதனால் பதிலில் கொஞ்சம் காரம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். பிலடெல்ஃபியா விலங்குக் காட்சிசாலையில் வளரும் கரீபியப் பூநாரைகளை அதே ஊர் செயின்ட் ஜோசப்ஸ் பல்கலைக்கழகத்தின் மேத்யூ ஆண்டர்சன் குழுவினர் கவனித்து, 2009-இல் வெளியிட்டார்கள். பூநாரை, அதாவது ஃபிளமிங்கோ, ஓய்வெடுக்கும்போது நீளக் கழுத்தை வளைத்துத் தலையை முதுகில் வைத்துக்கொள்ளும். கூட்டத்தை மொத்தமாகப் பார்த்தால் வலப்பக்கம் வைப்பதே அதிகம். இடப்பக்கத்தை விரும்பிய பறவைகள் சச்சரவுகளில் கூடுதலாகக் காணப்பட்டன. எந்தக் காலில் நிற்கிறது என்பதில் மட்டும் கூட்டத்துக்குப் பொதுவான பழக்கம் தெரியவில்லை. ஒற்றைக்காலில் நிற்பது உடம்புச் சூட்டைக் காக்க என்பது அவர்கள் கட்சி. குளிர் கூடக் கூட ஒற்றைக்காலில் நிற்பவையும் கூடின.

"சச்சரவில் காணப்பட்டது" என்பது வாட்ஸப்பில் வந்து சேர்வதற்குள் "சண்டைக்காரன்" ஆகிவிட்டது. நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்தில் எல்லாரும் ஒரு பக்கம் சாய, ஒருவன் மட்டும் மறுபக்கம் சாய்ந்தால் உரசல் வரத்தான் செய்யும். யார் முதலில் கொத்தினார் என்று யாருக்குக் கவலை?

அதைக் குடும்பக் குழுவில் போட்டது என் சகலை. "சகலை, உங்க இனத்தைப் பத்தி விஞ்ஞானமே சொல்லிருச்சு" என்று ஒரு சிரிப்புப் பொம்மையோடு. நாங்கள் இருப்பது நியூஜெர்சியில். அவர் கோடையில் வந்தபோது, வாங்க நேரிலேயே பார்ப்போம் என்று அதே காட்சிசாலைக்குக் கூட்டிப்போனேன். வேலியருகே நின்று விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். "இது லெஃப்ட்டு, அதுவும் லெஃப்ட்டு, பூராவும் உங்க ஆளுங்கதான்!" அவர் எண்ணியவை எல்லாம் எங்களைப் பார்த்து நின்றவை. நமக்கு இடம் என்றால் அதற்கு வலம். "அதோட முதுகுக்குப் பின்னால நாம நிக்கிற மாதிரி நினைச்சுப் பாருங்க" என்றேன். "பறவைக்கு ஏது சகலை இடமும் வலமும், எல்லாம் பாக்கறவனுக்குத்தான்" என்று ஒரு தத்துவம் சொன்னார். பெண்கள் இருவரும் ஐஸ்கிரீமோடு நிழலுக்குப் போய்விட்டார்கள்.

நடுவில் ஒன்று விழித்துக்கொண்டு, தலைகீழாக அலகைத் தண்ணீரில் விட்டு அலசிவிட்டு, திரும்பவும் தூங்கப் போனது. இந்த முறை மறுபக்கம். அவர் எண்ணிய கணக்கு அத்தோடு போச்சு. ஒரே பறவை இரண்டு பக்கமும் சாயும். எந்தப் பக்கம் அதிகம் என்பதுதான் பேச்சு. அதற்கு அதே பறவையைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும், காலில் அடையாள வளையம் வேண்டும். ஆயிரக்கணக்கில் கூடும் உப்பு ஏரியில் இது லேசில் நடக்கிற காரியமா? காட்சிசாலையில்தான் சுலபமாக முடியும்.

"நீ என்ன பறவை விஞ்ஞானியா?" என்று கேட்கக் காத்திருப்பவர்களுக்கு: இல்லை, கணக்கு வழக்கு பார்க்கிறவன். ஆராய்ச்சியை நான் குறை சொல்லவில்லை. பறவைகளுக்குப் பக்கப் பழக்கம் உண்டு என்பதில் சந்தேகமே கிடையாது. கோழிக்குஞ்சு கூட மண்ணிலிருந்து தானியத்தைப் பொறுக்க வலக்கண்ணைத்தான் அதிகம் நம்பும். ஆனால் ஒரு காட்சிசாலை, ஒரு கூட்டம். ஃபிளமிங்கோவிலேயே ஆறு இனம் இருக்கிறது. அதைக் கொண்டுவந்து என் கையில் ஒட்டாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

சண்டை என்றதும் ஞாபகம் வருகிறது. நான் படித்த கல்லூரியில் தேர்வு அறை நாற்காலி எல்லாவற்றிலும் எழுதும் பலகை வலப்பக்கம். இடக்கையால் எழுத வேண்டுமானால் உடம்பையே முறுக்கித் திருப்ப வேண்டும். திரும்பினால் பக்கத்து வரிசை தெரியும். காப்பி அடிக்கிறேன் என்று கண்காணிப்பாளர் தாளைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். பலகையைக் காட்டி விளக்கினால் எதிர்த்துப் பேசுகிறேனாம். பக்கத்து வரிசைக்காரன் அதுவரை எழுதியிருந்ததே அவன் பதிவெண் மட்டும்தான்.