வெள்ளை ரத்த மீனைப் படிக்க ஆசைப்படும் மகள்

குடியாத்தம் அண்ணா, பாலாற்றிலேயே தண்ணீர் ஓடாத பக்கத்தில் பிறந்துவிட்டு அண்டார்டிகா மீனைப் படிக்கிறேன் என்கிறாளே என் மகள், இது சோறு போடுமா என்று கேட்டீர்கள். பயத்தில்தான் கேட்டீர்கள் என்று தெரியும், அதனால் நேராகவே சொல்கிறேன்.

நீங்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் பாப்பாவிடம் கேட்டேன்: கடல்நீரே மைனஸ் 1.9 டிகிரியில் உறைந்துவிடும், மீன் மட்டும் எப்படி உறையாமல் நீந்துகிறது? ரத்தத்தில் இருக்கும் ஒரு புரதம் பனித்துகளில் போய் ஒட்டிக்கொண்டு அதை வளரவிடாது என்றாள். அப்புறம் ஐஸ்ஃபிஷ் என்ற அண்டார்டிகா மீனைப் பற்றி அவளாகவே ஆரம்பித்தாள். ஆக்சிஜனைச் சுமக்கும் சிவப்புப் புரதமான ஹீமோகுளோபினே அதற்குக் கிடையாது, ரத்தத்தில் சிவப்பே இருக்காது, குளிர்ந்த தண்ணீரில் ஆக்சிஜன் நிறையக் கரையும் என்பதால் அப்படியே ரத்தத்தில் கரைந்து உடம்பெல்லாம் போகிறது, அதற்கு ஈடாக இதயம் பெரிதாக இருக்கிறது என்று மூச்சு விடாமல் சொன்னாள். யூடியூப் ஆசை என்று இதைத் தள்ளிவிடாதீர்கள் அண்ணா, பிள்ளை 'ஏன்' என்பது வரைக்கும் போயிருக்கிறாள்.

என் கவலை வேறு. அவள் சொன்னது பாதிக்குமேல் வேதியியல், அரையாண்டுத் தேர்வில் அதில்தான் 61 மார்க்.

மீன்வளப் பட்டமான பி.எஃப்.எஸ்சி. நான்கு வருடம், நீட் வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண்தான் பேசும். அரசுப் பள்ளி என்பதால் 7.5 சதவீத இடஒதுக்கீடும் உண்டு. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியை விடப் பொன்னேரி மீன்வளக் கல்லூரி நமக்குப் பக்கம். அது கிடைக்காவிட்டால் வேலூரிலேயே விலங்கியல் முடித்து, பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் எம்.எஸ்சி. போகலாம்.

இப்படிப்பட்ட மீன் ஆராய்ச்சியில் வேலைகள் குறைவு, பிஎச்.டி. இல்லாமல் நடக்காது, இதை மறைக்க மாட்டேன். கொச்சியில் கடல்வாழ் உயிரின வள மையம், கோவாவில் துருவ ஆராய்ச்சி மையம் என்று சில இடங்கள்தான். ஆனால் மீன்வளப் பட்டம் கையில் இருந்தால் மீன்வளத்துறைத் தேர்வு எழுதலாம், வங்கியில் வேளாண் அதிகாரி தேர்வும் எழுதலாம், வீட்டில் சும்மா உட்கார வேண்டியிருக்காது.

பெண்பிள்ளை கப்பலில் போவதா என்று அண்ணி கேட்டார்களாம். கடலியல் படித்த அதிதி பந்த் 1983-இலேயே அண்டார்டிகா பயணம் கிளம்பியவர் என்று சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பாப்பா அந்த வேதியியல் விடைத்தாளை மறக்காமல் எடுத்து வரட்டும், எங்கே மார்க் போனது என்று உட்கார்ந்து பார்ப்போம்.