நாள் முழுக்க போன் பார்க்கிறவருக்கு அரசு வேலைக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க ஏன் வரவில்லை?

வீடியோ பார்ப்பது வேறு, படிவம் நிரப்புவது வேறு. தமிழ்நாடு அரசு வேலைகளுக்குத் தேர்வு நடத்தும் டிஎன்பிஎஸ்சியையே எடுங்கள். முதல் சறுக்கல் போட்டோவில்: போட்டோ 20 முதல் 50 கேபி, கையெழுத்துப் படம் 10 முதல் 20 கேபி அளவில், இரண்டும் ஜேபிஜி வடிவில் இருக்க வேண்டும். போனில் எடுத்த படம் சாதாரணமாக 2, 3 எம்பி இருக்கும், தளம் ஏற்காது. முதலில் கிராப் செய்யுங்கள் (தேவையில்லாத ஓரங்களை வெட்டுங்கள்), பிறகு அளவைக் குறையுங்கள். மாற்றிச் செய்தால் கையெழுத்து மங்கிவிடும்.

இதைவிடப் பெரிய சிக்கல், 150 ரூபாய் கட்டி ஒருமுறைப் பதிவு (தளத்தில் நம் விவரங்களைப் பதிந்து வைப்பது) செய்ததையே விண்ணப்பம் என்று நினைத்துவிடுவது. பதிவு 5 ஆண்டு செல்லும், சரி. ஆனால் ஒவ்வொரு தேர்வுக்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

பிரவுசிங் சென்டரில் போட்டாலும் உங்கள் மொபைல் எண்ணையும் இமெயிலையும்தான் கொடுக்க வேண்டும். கடைக்காரர் அவசரத்தில் தன்னுடையதைப் போட்டுவிட்டால், பாஸ்வேர்டு மறந்த நாளில் ஓடிபி அவருக்குத்தான் போகும். ஹால்டிக்கெட்டுக்கு அவர் பின்னால் அலைய வேண்டியதுதான்.