10,000 ரூபாய் எலக்ட்ரிக் கிட்டாரில் பிக்கப் மாற்றினால் சத்தம் நன்றாக ஆகுமா?

ஆகும். ஆனால் நீங்கள் சொல்லும் மூன்று குறைகளில் இரண்டுக்குப் பிக்கப், அதாவது ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்னழுத்தமாக்கும் பகுதி, காரணமே இல்லை. மூன்றாவதிலும் அதன் பங்கு பாதிதான்.

கேள்வியில் தந்த விவரத்தைச் சுருக்கிக்கொள்கிறேன். பாளையங்கோட்டையில் ஒரு சபையின் பாடகர் குழுவில் வாசிக்கிறீர்கள். ஸ்ட்ராட் வடிவக் கிட்டார்; பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்), நடுவிலும் நெக்கிலும் சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள் பிக்கப்). ஆம்ப் கிடையாது, கேபிளை நேராக மிக்ஸரில் செருகுகிறீர்கள். சத்தம் மந்தமாக இருக்கிறது, டிஸ்டார்ஷன் பெடலைப் போட்டால் கொசு ரீங்காரம், சும்மா நிற்கும்போதும் 'உம்' என்று ஓர் இரைச்சல். கிட்டார் விலையில் பாதியைப் பிக்கப்புக்குக் கொடுக்கலாமா என்கிறீர்கள்.

முதலில் அந்த மிக்ஸரைப் பேசுவோம். நம் பக்கம் ஞாயிறு ஆராதனை என்றாலும் சரி, அசனப் பண்டிகைப் பந்தல் என்றாலும் சரி, கீபோர்டு, கிட்டார், மைக் எல்லாம் போய்ச் சேருவது மைக்செட் அண்ணாச்சியின் ஒரே மிக்ஸரில்தான். கீபோர்டுக்கு அது ஒத்துப்போகும். அதற்குள் கரண்டில் ஓடும் சர்க்யூட் இருக்கிறது. உங்கள் பிக்கப்புக்குக் கரண்டும் இல்லை, பேட்டரியும் இல்லை. ஸ்ட்ரிங் அசைவதில் பிறக்கும் சிறிய மின்னழுத்தம் மட்டுமே அதன் சொத்து. மிக்ஸரின் லைன் இன்புட் பெரும்பாலும் 10, 20 கிலோ ஓம் அளவில் இருக்கும். மைக் இன்புட் அதைவிடக் குறைவு. கிட்டார் ஆம்ப்பின் இன்புட்டோ வழக்கமாக 1 மெகா ஓம். ஓம் குறைந்த இன்புட்டில் செருகினால் பிக்கப்பின் மேல் சுமை ஏறும், முதலில் சாவது மேல் ஒலிகளின் தெளிவு. எவ்வளவு விலை கொடுத்து, பேட்டரி இல்லாத எந்தப் பிக்கப்பைப் போட்டாலும் அந்த இன்புட்டில் மந்தமாகத்தான் கேட்கும்.

இதற்கு மருந்து ஒரு ஆக்டிவ் டிஐ பாக்ஸ், கிட்டார் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சின்னப் பெட்டி. சில மிக்ஸர்களில் ஒரு சேனலில் மட்டும் 'ஹை-இசட்' (ஓம் கூடிய இன்புட்) என்றொரு பொத்தான் இருக்கும், அண்ணாச்சியே அதைத் தொட்டிருக்க மாட்டார், பார்த்துக்கொள்ளுங்கள். கையில் இருக்கும் பெடலை வைத்தே ஒரு சோதனை செய்யலாம். பெடலை ஆன் செய்து, கெயினைக் குறைந்தபட்சத்துக்கு இறக்கி, டோனை நடுவில் வைத்து வாசியுங்கள். பெடல் இல்லாமல் வாசிப்பதைவிடத் தெளிவாகக் கேட்டால் குற்றவாளி மிக்ஸர் இன்புட்தான்.

கொசு ரீங்காரத்துக்கும் இதே இடத்தில்தான் பதில். கிட்டார் ஆம்ப்பில் இருக்கும் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதை வேகமாகக் குறைத்துவிடும். டிஸ்டார்ஷன் பெடல்களைச் செய்தவர்கள் அந்தக் குறையை நம்பியே செய்தார்கள். கோயில் பாக்ஸில் உள்ள ஹார்னுக்கு அந்தத் தயவு கிடையாது. பெடல் உண்டாக்கும் கரகரப்பை ஒன்று விடாமல் வெளியே தள்ளும். கேபினெட் சிமுலேஷன் (ஆம்ப் ஸ்பீக்கர் போல மேல் ஒலிகளைக் குறைக்கும் வசதி) உள்ள சின்ன மல்டி எஃபெக்ட்ஸ் ஒன்றை நடுவில் வைத்தால் மந்தமும் ரீங்காரமும் சேர்ந்தே போய்விடும். பிக்கப்புக்கு ஒதுக்கிய பணம் கையில் இருக்கிறது என்றால், என் ஓட்டு முதலில் இதற்குத்தான்.

அப்புறம் இரைச்சல். ஐந்து நிலை சுவிட்சை ஹம்பக்கரில் வையுங்கள், பிறகு நெக் சிங்கிள் காயிலில் வையுங்கள். சிங்கிள் காயிலில் மட்டும் இரைந்தால் கிட்டாரில் பழுதில்லை. சுற்றியுள்ள 50 ஹெர்ட்ஸ் கரண்டின் காந்தப்புலத்தை ஒற்றைச் சுருள் பிடிக்கத்தான் செய்யும். கிட்டாரோடு நீங்கள் திரும்பி நின்றாலே இரைச்சல் ஏறி இறங்குவது தெரியும். பழைய சோக் வைத்த ட்யூப் லைட், ஃபேன் ரெகுலேட்டர், கரண்ட் போனதும் ஓடத் தொடங்கும் இன்வெர்ட்டர் இவையெல்லாம் அதைக் கூட்டும். இந்தத் தொல்லைக்காகவே கிப்சனில் வேலை பார்த்த சேத் லவர், 1955இல் இரண்டு சுருள் கொண்ட பிக்கப்புக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். இரண்டாவது சுருளின் சுற்றும் காந்தமும் முதலாவதற்கு எதிராக இருக்கும். அதனால் வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும், ஸ்ட்ரிங்கின் சத்தம் மட்டும் கூடி நிற்கும். 1957இல் அது கிப்சன் கிட்டார்களில் வந்தது. ஹம்பக்கர் என்ற பெயரே 'ஹம்'மை எதிர்ப்பது என்ற பொருளில்தான்.

எல்லா நிலையிலும் இரைகிறது என்றால் ஸ்ட்ரிங்கைத் தொட்டுப் பாருங்கள். தொட்டதும் குறைந்தால் உள்ளே கிரவுண்ட் (எர்த்) இணைப்பு சரி. குறையவே இல்லை என்றால் பின்பக்க மூடியைத் திறந்து, ஸ்பிரிங்குகள் மாட்டியிருக்கும் இரும்புத் தகட்டுக்கு ஓர் ஒயர் வந்து ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். விலை குறைந்த கிட்டாரில் அந்த ஈயம் ஒட்டியும் ஒட்டாமலும் நிற்பது சகஜம். ஒரு நிமிட வேலையில் தீரும். பிக்கார்டின் (பிக்கப்புகள் மாட்டியிருக்கும் முன்பக்கத் தகட்டின்) அடியிலும் குழியிலும் செம்பு டேப் ஒட்டி அதைக் கிரவுண்டோடு இணைத்தால் கரகரப்பும் குறையும், சிங்கிள் காயிலின் 'உம்' மட்டும் முழுவதும் போகாது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இரைச்சல் நிற்கிறது என்று மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடும் பழக்கம் பந்தல்களில் இருக்கிறது. உங்கள் விரல் ஸ்ட்ரிங் வழியாகக் கருவியின் எர்த்தோடு சேர்ந்திருக்கிறது, உதடு மைக்கைத் தொடுகிறது. இரண்டில் ஒன்றுக்கு எர்த் இல்லாமல் எங்காவது லீக் இருந்தால் கரண்ட் உங்கள் வழியாகத்தான் போகும். ஸ்ட்ரிங்கில் சுருக்கென்று தெரிந்தாலே கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

சரி, இவ்வளவையும் பார்த்த பிறகும் பிரிட்ஜ் சத்தம் பிடிக்கவில்லை. இப்போது பிக்கப்புக்கு வரலாம்.

உள்ளே இருப்பது காந்தமும் செம்புச் சுருளும்தான். 0.063 மி.மீ. தடிமனுள்ள 42 கேஜ் ஒயரை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருப்பார்கள். காந்தம் ஸ்ட்ரிங்கைக் காந்தமாக்குகிறது, அது அதிரும்போது சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. பழைய ஸ்ட்ராட் முறையில், ஸ்ட்ரிங்குக்கு ஒன்றாக நிற்கும் ஆறு கம்பங்களும் அல்நிகோ காந்தம்: அலுமினியம், நிக்கல், கோபால்ட், இரும்பு கலந்தது. விலை குறைந்த சிங்கிள் காயிலில் கம்பங்கள் வெறும் எஃகு, அடியில் செராமிக் காந்தப் பட்டை ஒட்டியிருக்கும். எஃகு உள்ளே இருப்பதால் சத்தத்தின் நிறம் மாறும், அது உண்மை. ஆனால் செராமிக் என்றாலே மட்டம் என்பது கடைக்காரர் பேச்சு. விலை உயர்ந்த ஹெவி மெட்டல் பிக்கப்புகளிலும் அதே செராமிக்தான் இருக்கிறது.

மாற்றும் முன் உயரத்தைச் சரிசெய்யுங்கள், காசில்லாத வேலை. கடைசி ஃபிரெட்டை அழுத்திக்கொண்டு, ஸ்ட்ரிங்கின் அடிக்கும் கம்பத்தின் தலைக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அளக்க வேண்டும். சிங்கிள் காயிலுக்குத் தடித்த பக்கம் 2.4 மி.மீ., மெல்லிய பக்கம் 2 மி.மீ. என்று தொடங்கலாம், ஹம்பக்கரை இன்னும் கொஞ்சம் நெருக்கலாம். கடையிலிருந்து வரும் கிட்டாரில் பிரிட்ஜ் பிக்கப் பள்ளத்தில் கிடப்பதும், நெக் பிக்கப் ஸ்ட்ரிங்கை இடிப்பதும் நிறையப் பார்க்கலாம். காந்தம் பலமாக இருந்து மிக நெருங்கினால் ஸ்ட்ரிங்கை இழுத்து, மேல் ஃபிரெட்டுகளில் சுருதி விலகுவது போலக் கேட்கும். கூடவே புது ஸ்ட்ரிங் போடுங்கள். உவரி, இடிந்தகரைப் பக்கம் உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம். உப்புக்காற்றில் ஸ்ட்ரிங் சீக்கிரம் துருப்பிடிக்கும், துருப்பிடித்த ஸ்ட்ரிங்கின் மந்தத்துக்குப் பிக்கப்தான் திட்டு வாங்கும்.

வாங்குவதானால் மூன்றையும் வாங்காதீர்கள். பிரிட்ஜ் ஹம்பக்கர் ஒன்று போதும். டிஸ்டார்ஷனில் வித்தியாசம் தெளிவாகத் தெரிவது அங்கேதான்; நெக் சிங்கிள் காயில், உயரம் சரியாக இருந்தால், விலை குறைந்ததும் ஆராதனைப் பாட்டுக்குத் தாராளமாகப் போதும். பெட்டியில் போட்டிருக்கும் கிலோ ஓம் எண்ணைப் பலம் என்று எண்ண வேண்டாம். மெல்லிய ஒயரைச் சுற்றினாலே அந்த எண் ஏறும். 8 கிலோ ஓம் அளவுள்ள ஒரு நடுத்தர ஹம்பக்கர் உங்கள் தேவைக்கு 16 கிலோ ஓம் பூதத்தைவிட நல்லது. டிஸ்டார்ஷன் இல்லாமல் வாசிக்கும்போதும் தெளிவாக இருக்கும். ஆக்டிவ் பிக்கப் வேண்டாம். 9 வோல்ட் பேட்டரிக்கு இடம் தேட வேண்டும், வால்யூம், டோன் திருகிகளின் அடியில் இருக்கும் பொட்டன்ஷியோமீட்டர்களை (சுருக்கமாக 'பாட்') எல்லாம் 25கே, அதாவது 25 கிலோ ஓமுக்கு மாற்ற வேண்டும்.

ஆர்டர் போடும் முன் பிக்கார்டைக் கழற்றி அளக்க வேண்டியவை உண்டு. பிக்கப் கம்பங்களில் முதலுக்கும் ஆறாவதுக்கும் உள்ள தூரம் கிப்சன் முறையில் சுமார் 50 மி.மீ., ஸ்ட்ராட் வகைப் பிரிட்ஜுக்கு 52, 53 மி.மீ. வேண்டும். குழியின் ஆழத்தையும் பாருங்கள். மெல்லிய பாடியில் புது பிக்கப்பின் கால்கள் தரையில் இடிக்கும். வால்யூம் பாட் 250கே-யா 500கே-யா என்று அதன் முதுகிலேயே எழுதியிருக்கும். ஹம்பக்கருக்கு 500கே பொருத்தம். சிங்கிள் காயில்கள் அதில் கொஞ்சம் கூர்மையாகக் கேட்கும், டோனை இறக்கிக்கொள்ளலாம். பெரிய அமெரிக்க பாட் வாங்கினால் அதன் கழுத்து 9.5 மி.மீ., உங்கள் பிக்கார்டு ஓட்டையில் நுழையாது. பழைய நாப்பும் அதன் பல்லில் உட்காராது. மில்லிமீட்டர் அளவு பாட்டே வாங்கிவிடுங்கள். விலை உயர்ந்த டோன் கெப்பாசிட்டருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

சால்டரிங்குக்காகச் சென்னை, மதுரை என்று அலைய வேண்டியதில்லை. ரேடியோ, ஆம்ப்ளிஃபையர் பழுது பார்க்கும் எந்த அண்ணாச்சியும் மியூசிக் கடைப் பையன்களைவிடச் சுத்தமாக வைத்துத் தருவார். அவர் கேட்கப்போவது ஒரே கேள்வி: "இதுல எது எர்த்து, எது சிக்னல்?" அதற்குப் பதில் உங்களிடம் இருக்க வேண்டும், ஏனென்றால் நான்கு ஒயர் ஹம்பக்கரில் நிறங்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சீமோர் டங்கனில் கறுப்பு சிக்னல், சிவப்பையும் வெள்ளையையும் சேர்த்து ஒட்டி மூட வேண்டும், பச்சையும் வெற்று ஒயரும் கிரவுண்டுக்கு. டிமார்சியோவில் சிவப்பு சிக்னல், கறுப்பும் வெள்ளையும் சேரும், பச்சையும் வெற்று ஒயரும் கிரவுண்ட். ஒன்றின் படத்தைப் பார்த்து மற்றதை ஒட்டினால் ஒன்று சத்தமே வராது, இல்லையென்றால் தகரம் தட்டியது போல் வரும். வாங்கிய மாடலின் படத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள். கழற்றும் முன் பழைய இணைப்பையும் செல்லில் படம் எடுத்துவையுங்கள்.

நீங்களே செய்வதானால் 25 வாட் அயர்ன் ஒயர்களுக்குப் போதும், பாட்டின் முதுகுக்குப் போதாது. அங்கே 40 வாட்டுக்கு மேல் வேண்டும். உப்புத்தாளால் சுரண்டிவிட்டு சில நொடிகளில் முடித்துவிட வேண்டும். குறைந்த சூட்டில் நெடுநேரம் வைத்துக்கொண்டிருந்தால் பாட்டின் கார்பன் பாதை கருகும். கிட்டார் பாடியின் மேல் பழைய துணி போட்டுக்கொள்ளுங்கள். தெறிக்கும் ஈயம் பெயின்ட்டில் தழும்பு வைத்துவிடும்.

ஸ்ட்ரிங் மாட்டும் முன் சோதியுங்கள். கேபிளின் ஒரு முனையைக் கிட்டாரில் செருகி, மறுமுனையில் மல்டிமீட்டரை 20கே நிலையில் வையுங்கள். வால்யூம் முழுதும் திறந்திருக்க, 8 கிலோ ஓம் பிக்கப் 500கே பாட்டோடு சுமார் 7.9 காட்டும். பூஜ்யம் என்றால் எங்கோ ஷார்ட். 20கே எல்லையைத் தாண்டிவிட்டதாக மீட்டர் காட்டினால் பிக்கப் சேரவில்லை. பிறகு மிக்ஸரில் போட்டு ஸ்க்ரூ டிரைவரால் கம்பத்தை மெல்லத் தட்டினால் எந்த நிலையில் எந்தப் பிக்கப் பேசுகிறது என்று கேட்கும். ஸ்ட்ரிங் மாட்டிய பிறகு, பிரிட்ஜும் நடுவும் சேரும் நிலையில் மட்டும் சத்தம் மெலிந்து பேஸ் இல்லாமல் போனால் ஃபேஸ் எதிராக இருக்கிறது, அதாவது இரண்டு பிக்கப்பின் சிக்னலும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. ஹம்பக்கரின் சிக்னல் ஒயரையும் பச்சையையும் இடம் மாற்றுங்கள். வெற்று ஒயர் கிரவுண்டிலேயே இருக்கட்டும்.

பழைய ஹம்பக்கரை அதன் ஸ்க்ரூ, ஸ்பிரிங்கோடு ஒரு கவரில் போட்டுவையுங்கள். இந்தக் கிட்டாரை விற்கும் நாளில் புது பிக்கப்புக்கென்று யாரும் கூடுதலாக ஒரு ரூபாய் தரமாட்டார்கள். பழையதை மாட்டி விற்றுவிட்டு, நல்லதை அடுத்த கிட்டாருக்குக் கொண்டுபோகலாம்.