'வெரி லெஸ் பர்சென்டேஜ்' என்று எழுதலாமா?

கேள்வி: முதுகலை வேதியியல் படிக்கிறேன். எங்கள் ஊர்க் கிணற்று நீரைப் பற்றிய ஆய்வறிக்கையில், மிகக் குறைந்த அளவைக் குறிக்க 'வெரி லெஸ் பர்சென்டேஜ்', 'லிட்டில் ஃபிராக்‌ஷன்', 'நெக்லிஜிபிள் அமவுன்ட்' என்று மாற்றி மாற்றி எழுதியிருந்தேன். வழிகாட்டிப் பேராசிரியர் மூன்றையும் அடித்துவிட்டார். எவற்றைத்தான் எழுதுவது?
– வாசகி, தருமபுரி

பதில்: முதல் இரண்டும் மொழிப் பிழை, மூன்றாவது பொருட்பிழை. 'லெஸ்' என்பது ஒன்றைவிட மற்றொன்று குறைவு என ஒப்பிடும் சொல்லாதலால் அதற்கு முன் 'வெரி' வராது. 'ரொம்பக் கம்மி' என்று நாம் பேசுவதே ஆங்கில உடை போட்டுக்கொண்டு இப்படி வருகிறது. நம் அலுவலகக் கடிதங்களில் இதற்குப் பஞ்சமே இல்லை. 'லிட்டில்' என்பதோ 'லிட்டில் வாட்டர்' என்பதுபோல் எண்ண இயலாத பொருளோடு நேரடியாகச் சேருமே தவிர, 'ஃபிராக்‌ஷன்', 'பர்சென்டேஜ்', 'அமவுன்ட்' ஆகியவற்றோடு எழுத்து நடையில் ஒட்டாது.

'ஃபிராக்‌ஷன்' என்றால் 'ஸ்மால்', 'டைனி'. 'பர்சென்டேஜ்' என்றால் 'ஸ்மால்', 'லோ'. மக்களில் ஒரு சிறு பிரிவினர் என்றால் 'ஸ்மால் மைனாரிட்டி'. வாய்ப்பு என்றால் 'ஸ்லிம் சான்ஸ்', 'ரிமோட் பாசிபிலிட்டி'. இவை பழக்கத்தால் அமைந்த இணைகள். இலக்கணம் கொண்டு காரணம் தேடிப் பயனில்லை. கணக்கில் பத்தில் ஒன்பதும் பின்னந்தான் என்றாலும், 'ஒன்லி எ ஃபிராக்‌ஷன்' என்று எழுதினால் சொற்பம் என்றே படிப்பவர் கொள்வார். நம் பழைய கணக்கில் முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு என்று அளவு உறுதியாக இருந்தது. ஆங்கில இணைகள் எதற்கும் அத்தகைய அளவு இல்லை. ஆகவே எண் கையில் இருக்கும்போது எண்ணையே எழுதுங்கள்.

பேராசிரியர் 'நெக்லிஜிபிள்' என்பதை அடித்ததற்குக் காரணம் வேறாக இருக்க வேண்டும். அச்சொல் அளவைச் சொல்வதில்லை, புறக்கணிக்கலாம் என்று தீர்ப்புச் சொல்கிறது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் (ஐ.எஸ். 10500) ஃபுளோரைடின் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு நீராதாரம் இல்லாதபோது 1.5 மில்லிகிராம் வரை. பத்து லட்சம் பங்கில் ஒன்றரைப் பங்கு என்பது கேட்பதற்கு ஒன்றுமில்லாதது போலிருந்தாலும், அதைத் தாண்டிய நீரைப் பல ஆண்டுகள் குடித்தவர்களின் பற்களில் கறை படிவதும், அளவு இன்னும் மிகும்போது எலும்பும் மூட்டும் பாதிக்கப்படுவதும் தருமபுரிக்காரரான உங்களுக்குப் புதிய செய்தியாக இராது. ஈயத்துக்கோ வரம்பு 0.01 மில்லிகிராம், அதாவது 10 கோடியில் ஒரு பங்கு. அந்த வரம்பையொட்டி நிற்கும் அளவைக்கூட 'நெக்லிஜிபிள்' என்று எழுத எவருக்கும் உரிமையில்லை.

'ட்ரேஸ் அமவுன்ட்' என்பது வேறு வகை. இருப்பது தெரிகிறது, அளவு மிக மிகக் குறைவு என்பதோடு அது நின்றுவிடும். விளைவைப் பற்றி எதுவும் சொல்லாது. காற்றில் ஏறத்தாழ 0.04 சதவீதமே உள்ள கரியமில வாயுவை 'ட்ரேஸ் கேஸ்' என்றே வகைப்படுத்துகிறார்கள். ஹவாயின் மவுனா லோவா நிலையத்தில் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்தில் சுமார் 315 பங்காக இருந்த அது, இன்று 420-ஐக் கடந்திருப்பதுதான் புவி வெப்பமடைவதற்கு முதன்மைக் காரணம். உங்கள் அறிக்கையில் கருவி காட்டிய எண்ணை முதலில் கொடுத்து, அது வரம்புக்குள் இருக்கிறதா என்பதை அடுத்துச் சொன்னால், பெயரடைக்கே பெரும்பாலும் தேவை இராது.

கேள்வி: 'எ ஸ்மால் பர்சென்டேஜ் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்' என்பதற்குப் பின் 'இஸ்' வருமா, 'ஆர்' வருமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: 'ஆர்'. 'ஆஃப்' என்பதற்குப் பின் வரும் பெயர் பன்மையானால் வினையும் பன்மை. 'வாட்டர்' போன்ற சொல்லானால் 'இஸ்'. ஆனால் முன்னால் 'எ' போய் 'த பர்சென்டேஜ்' என்று வந்தால், பேசப்படுவது அந்த விகிதமே என்பதால், மாணவர் எத்தனை பேரானாலும் 'இஸ்' தான்.