நோட்டு நிறைகிறது, கணக்கு நிற்பதில்லை

கேள்வி: அரசு உதவி பெறும் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் எடுக்கிறேன். கரும்பலகையில் எழுதிப்போடுவதை மாணவர்கள் அப்படியே நோட்டில் இறக்கிவிடுகிறார்கள். அடுத்த வாரம் அதே கணக்கைக் கொடுத்தால் விழிக்கிறார்கள். "நீங்களே குறிப்பு எடுங்கள்" என்று சொல்லிப் பார்த்தேன். பாதிப் பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். மீதிப் பேர் பாடப்புத்தகத்தைப் பார்த்து எழுதினார்கள். என்ன செய்யலாம்?

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு, உங்கள் மாணவர்கள் சோம்பேறிகள் அல்லர். கணக்கைப் புரிந்துகொள்வதும் அதைப் பற்றி எழுதுவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கும்போது, கை வேலை செய்கிறது, மனம் ஒதுங்கிக்கொள்கிறது. கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் கணிதக் கல்விப் பேராசிரியராக உள்ள பீட்டர் லில்யெடால் இதைத்தான் வலியுறுத்துகிறார்: பலகையைப் பார்த்து எழுதும் மாணவர்களில் பெரும்பாலோர் அப்போது சிந்திப்பதில்லை, ஆகவே, பின்னாளில் மறந்துவிடப்போகும் தனக்குத் தானே எழுதிக்கொள்வதாகக் குறிப்பு அமைய வேண்டும் என்கிறார்.

எனவே, பாடம் நடக்கும்போது நோட்டு மூடியே இருக்கட்டும். மணியடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது, பலகையை அழிக்காமல், "அரையாண்டுத் தேர்வுக்கு முந்தின நாள் எல்லாவற்றையும் மறந்துவிட்டு இந்தப் பக்கத்தைத் திறக்கப்போகிறீர்கள், அன்றைக்கு உங்களுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?" என்று கேளுங்கள். வெறுமனே "குறிப்பு எடு" என்பதைவிட இந்தக் கேள்விக்குப் பதில் எழுதுவது பிள்ளைகளுக்கு எளிது.

இரண்டு எண்களின் கூடுதலை வர்க்கப்படுத்தும் முற்றொருமையை, அதாவது (a + b)² = a² + 2ab + b² என்ற சூத்திரத்தை, எடுத்துக்கொள்வோம். சூத்திரத்தைப் பிழையில்லாமல் எழுதி வைத்திருக்கும் பிள்ளைகூடத் தேர்வில் இரண்டு வர்க்கங்களை மட்டும் கூட்டிவிட்டு வந்துவிடும். அதே பிள்ளை தன் பக்கத்தில், "3ஐயும் 4ஐயும் கூட்டி வர்க்கப்படுத்தினால் 49, தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டினால் 25தான், மிச்சம் 24 எங்கே?" என்று எழுதி, கீழே 7 அலகுப் பக்கமுள்ள ஒரு சதுரத்தை வரைந்து, அதை நான்காகப் பிரித்து, 9க்கும் 16க்கும் நடுவே 12, 12 என இரண்டு செவ்வகங்கள் இருப்பதைக் குறித்து வைத்திருந்தால், சூத்திரம் மறந்தாலும் அந்தப் படத்திலிருந்து அதைத் திரும்ப எடுத்துவிடலாம். குறிப்பு என்று நான் சொல்வது இதைத்தான். அது பார்வைக்கு அழகாக இருக்க வேண்டியதில்லை.

முதல் சில வாரங்களுக்கு வெற்றுப் பக்கத்தைக் கொடுத்துவிடாதீர்கள். நடுவில் இரண்டு படிகள் விடுபட்ட ஒரு கணக்கு, மாணவரே உருவாக்கித் தீர்க்க வேண்டிய ஒரு கணக்கு, "நான் தவறக்கூடிய இடம்" என்ற தலைப்பில் நான்கு வரிக்கு இடம் என்று பக்கத்தைப் பிரித்துக் கொடுங்கள். பழகப் பழக அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம். இவற்றில் கடைசிப் பகுதிதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது, ஏனெனில் அதை எந்தக் கைடிலிருந்தும் பார்த்து எழுத முடியாது.

எழுதியதைத் திருத்தும்போது கணக்கில் பிழை இருந்தால் மட்டும் சுட்டுங்கள். நடையையும் கையெழுத்தையும் விட்டுவிடுங்கள். அதைவிடப் பயனுள்ளது, இரண்டு வாரம் கழித்து ஒரு சிறு தேர்வு வைத்து, அவரவர் பக்கத்தை அவரவர் பார்த்து எழுத அனுமதிப்பது. தன் குறிப்பு தனக்கே உதவாததைக் கண்ட மாணவருக்கு, எது விடுபட்டது என்பதை நீங்கள் விளக்க வேண்டியிருக்காது. தேர்வு முடிந்த கையோடு அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுத ஐந்து நிமிடம் கொடுங்கள்.

நோட்டு குறைவாக இருக்கிறதே என்று பெற்றோரும், ஆய்வுக்கு வரும் அதிகாரியும் கேட்கக்கூடும். பொதுத்தேர்வில் படிகளுக்கும் மதிப்பெண் உண்டு என்பதால், முறையாகப் படிகளை எழுதிப் பழகும் வகுப்பு நோட்டைக் கைவிட வேண்டாம். குறிப்புக்கென்று மெல்லிய நோட்டு ஒன்றைத் தனியே போடச் சொல்லுங்கள். தொடங்குவதற்கு முன்பே தலைமை ஆசிரியரிடம் விவரத்தைச் சொல்லி, ஒரே ஒரு பாடத்துக்கு மட்டும் செய்து பார்க்க அனுமதி கேளுங்கள்.