ரூபி நிரல்மொழியில் 30 நாளுக்கு முந்தைய தேதியை எடுத்து நாள்-மாதம்-ஆண்டு என்று அச்சிடுவது எப்படி?

முதலில் பதில். மேலே ரிக்வைர் 'டேட்' என்று ஒரு வரி. பிறகு டேட்.டுடே - 30, இதை அடைப்புக்குறிக்குள் போட்டு அதன்மேல், தேதியை நாம் கேட்கும் வடிவத்தில் எழுதித்தரும் எஸ்டிஆர்எஃப்டைமைக் கூப்பிடுங்கள். அடைப்புக்குறி இல்லாவிட்டால் 30 என்ற எண்ணிடம் போய் தேதியை எழுதச் சொல்கிறீர்கள் என்று ரூபி கத்தும். வடிவத்துக்கு சதவீதக்குறியோடு டி, எம், ஒய். டி சிறியது, எம் சிறியது, ஒய் பெரியது. (மொபைலில் எழுதுகிறேன், ஆங்கில விசைப்பலகைக்கு மாறச் சோம்பல், ஒலியை வைத்துப் புரிந்துகொள்ளுங்கள்.)

எம் சிறியது என்று ஏன் அழுத்துகிறேன் என்றால், பெரிய எம் மாதம் இல்லை, நிமிடம். இது எனக்கும் தெரியும், தெரிந்துதான் மாட்டினேன்.

நீங்களும் தினசரி அறிக்கை ஏதோ எடுக்கத்தான் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் எழுதியதும் அதுதான். தினமும் நள்ளிரவு 12:05-க்கு கிரானில் (குறித்த நேரத்தில் நிரலைத் தானாக ஓட்டும் கருவி) ஓடி, முந்தைய நாள் கணக்கை அந்த நாளின் தேதியைப் பெயராகக் கொண்ட கோப்பில் எழுத வேண்டும். டேட் வகுப்பைத் தொடாமல் டைம்.நவ் - 86400 (ஒரு நாளின் நொடிகள்) என்று போட்டேன், வடிவத்தில் பெரிய எம். ஆரம்பித்தது மே மாதம் முதல் வாரம். 12:05-இன் நிமிடம் 05, மே மாதமும் 05! காலையில் வந்து பார்த்தால் கோப்புப் பெயர் கச்சிதம். டேட் பயன்படுத்தியிருந்தால் அதற்கு நேரமே கிடையாது, நிமிடம் 00 என்று வந்து முதல் நாளே பல் இளித்திருக்கும்.

ஜூன் பிறந்தது. மே 10-இன் கோப்பின் மேல் ஜூன் 10 ஏறி உட்கார்ந்தது, 11-இன் மேல் 11, எந்தப் பிழைச்செய்தியும் இல்லை. ஜூலை 1 அன்று கணக்குப் பார்ப்பவர் மே மாத மொத்தம் கேட்டபோது மேயில் மிஞ்சியிருந்தது 31-ஆம் தேதி மட்டும்தான், அதுவும் ஜூனுக்கு 31 இல்லாத புண்ணியத்தில். மூலத் தரவு பத்திரமாக இருந்ததால் எல்லாவற்றையும் திரும்ப எடுத்தேன், இரண்டு இரவு போயிற்று.

'டெஸ்ட் எழுதியிருந்தால் மாட்டியிருக்குமே' என்று கமெண்ட் போடக் கிளம்பியவர்களுக்கு: எழுதினேன். நேரத்தை மே 10, 12:05 என்று நிறுத்திவைத்து எழுதினேன். பாஸ் ஆனது.

கோட் ரிவியூவும் நடந்தது. ஒற்றை மேற்கோளா இரட்டை மேற்கோளா என்று இரண்டு பேர் அரை நாள் சண்டை போட்டார்கள், அந்த மேற்கோளுக்குள் இருந்த எழுத்தை ஒருவரும் பார்க்கவில்லை. பிறகு நடந்த கூட்டத்தில் அதே இருவர் 'கவனம் வேண்டும்' என்று எனக்குப் பாடம் எடுத்தது இன்னும் ஆறவில்லை. சரி, விடுங்கள்.

86400-ஐயும் தவிருங்கள். டைமில் கழிப்பது நொடிகள், அதனால் டைம்.நவ் - 30 என்றால் அரை நிமிடம்தான் பின்னால் போவீர்கள். கோடைக்காகக் கடிகாரத்தை முன்னே தள்ளும் நாடுகளில் வருடத்துக்கு ஒரு நாள் 23 மணி நேரம்தான், அதற்கு மறுநாள் 12:05-க்கு ஓடினால் நேற்றைத் தாண்டி முந்தாநாளில் போய் நிற்கும்.

மாதக்கணக்கில் பின்னால் போக இரட்டை இடப்பக்கக் குறி (<<) அல்லது பிரிவ்_மன்த். மார்ச் 31-இலிருந்து ஒரு மாதம் போனால் பிப்ரவரி 28 (லீப் ஆண்டென்றால் 29). அங்கிருந்து ஒரு மாதம் முன்னால் வந்தால் மார்ச் 28-தான் (லீப் ஆண்டில் 29) வரும், 31-க்குத் திரும்பாது. ரெயில்ஸ் (ரூபியில் இணையதளம் கட்டும் சட்டகம்) இருந்தால் 30.டேஸ்.அகோ அழகாக இருக்கும், ஆனால் அது தருவது நேரத்தோடு சேர்ந்த மதிப்பு, தேதி மட்டும் வேண்டுமானால் டு_டேட் சேருங்கள்.

ரொம்பப் பழைய தேதிக்குப் போகிறவராக இருந்தால் இதையும் சொல்லிவிடுகிறேன்: 1582 அக்டோபர் 15-இலிருந்து ஒரு நாள் கழித்தால் ரூபி அக்டோபர் 4 என்று சொல்லும். ஜூலியன் நாட்காட்டியிலிருந்து கிரிகோரியனுக்கு மாறியபோது நடுவில் பத்து நாளை விட்டுவிட்டார்கள். அதற்கு நான் பொறுப்பில்லை.