சோறு குறையட்டும், மாத்திரை குறைய வேண்டாம்

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 54 வயது. விசைப்படகில் டிரைவராக இருந்தவர். நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்த பிறகு கரையிலேயே ஒரு மீன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். சுகரும் பிரஷரும் உண்டு. துபாயிலிருந்து வந்த என் கொழுந்தன் பேச்சைக் கேட்டு, ஐந்து மாதமாகச் சோறு, இட்லி எதையும் தொடுவதில்லை. மட்டன், முட்டை, நெய், காலையில் கடுங்காப்பியில் தேங்காய் எண்ணெய். ஒன்பது கிலோ குறைந்துவிட்டார். சுகரும் இறங்கிவிட்டது. "கொலஸ்ட்ரால் என்பதே மருந்துக் கம்பெனிக்காரன் கட்டிவிட்ட கதை" என்று அந்த மாத்திரையையும் நிறுத்திவிட்டார். போன வாரம் டெஸ்ட் எடுத்ததில் கெட்ட கொலஸ்ட்ரால் என்கிற எல்.டி.எல். 186. "இந்தப் பேலியோ சாப்பாட்டு முறையில் அப்படித்தான் ஏறும், பயப்படாதீங்க அண்ணி" என்கிறார் கொழுந்தன். யார் சொல்வது சரி? இவருக்குக் கருவாடு கொடுக்கலாமா என்பதையும் சொல்லுங்கள்.
– ஒரு வாசகி, பாம்பன்

பதில்: சகோதரி, யார் சரி என்பது அப்புறம். முதலில் அந்த டெஸ்ட் சீட்டை எடுத்துக்கொண்டு, ஸ்டென்ட் வைத்த டாக்டரிடம் இந்த வாரமே அவரை அழைத்துப் போங்கள். ஸ்டென்ட் வைத்தவருக்கு எல்.டி.எல். 70-க்குக் கீழே இருக்க வேண்டும். 55-க்குக் கீழே கொண்டுவருவதே நல்லது என்பதுதான் இன்றைய இதய மருத்துவர்களின் வழிகாட்டல். உங்கள் வீட்டுக்காரருக்கு அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் இருக்கிறது. இன்னொன்றையும் மாத்திரைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். நிறுத்தியது கொலஸ்ட்ரால் மாத்திரையை மட்டும்தானா, ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்ததையும் சேர்த்தா? அதையும் நிறுத்தியிருந்தால் நாளைக்கே போங்கள்.

சரி, கொழுந்தன் விஷயத்துக்கு வருவோம். அவர் சொன்னதில் பாதி உண்மை. அதை நான் ஒப்புக்கொள்ளாமல் பேசினால் உங்கள் வீட்டுக்காரர் மீதியைக் காதில் வாங்க மாட்டார்.

நம் கடற்கரையில் சாப்பாடு எப்படி இருக்கிறது? காலையில் ஐந்து இட்லி. பத்து மணிக்குச் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ, கூடவே வடை. மத்தியானம் வட்டில் நிறையப் பொன்னிச் சோறு, அது நனையும் அளவுக்கு மீன் குழம்பு, ஓரத்தில் இரண்டு துண்டு மீன். காய் என்று ஒன்று கண்ணில் படாது. சாயங்காலம் மறுபடி டீ, பஜ்ஜி. ராத்திரி பரோட்டா. வலை இழுத்து, ஐஸ் பெட்டி தூக்கி, விடிய விடியக் கடலில் நிற்கிற உடம்புக்கு இது ஓரளவு கணக்குச் சரியாகிவிடும். அதே ஆள் கரைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் வட்டில் மட்டும் அப்படியே இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலத்து 61 நாளும் அப்படித்தான்.

இந்தியா முழுக்கவே இந்த நிலைதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து நாடு முழுக்க எடுத்த கணக்கின்படி, நாம் சாப்பிடும் கலோரியில் ஏறக்குறைய 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. அதிலும் பெரும்பங்கு தீட்டிய அரிசி, மைதா, சர்க்கரை. சர்க்கரை நோய் கட்டுப்பட அதை 50 சதவீதத்தை ஒட்டிக் குறைத்து, புரதத்தை 20 சதவீதத்துக்கு அருகில் கொண்டுவரலாம் என்று அதே குழு 2022-இல் எழுதியது. மாவுச்சத்து குறைந்தால் சுகர் இறங்கும், எடை இறங்கும், டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பும் இறங்கும். உங்கள் வீட்டில் நடந்தது மாயமோ பொய்யோ இல்லை.

ஆனால் எடை குறைந்ததற்கான சான்றை இதயம் தேறியதற்கான சான்றாகக் காட்டுகிறார்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. இரண்டும் ஒன்றல்ல. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்குக் கொழுப்பையும் மறுபாதியினருக்கு மாவுச்சத்தையும் ஒரு வருடம் குறைத்துப் பார்த்தார்கள். முடிவு 2018-இல் வந்தது. கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோ இறங்கினார்கள், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ. பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. ஆனால் மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்கு டிரைகிளிசரைடு நன்றாக இறங்கியபோது எல்.டி.எல். கொஞ்சம் ஏறியது. இத்தனைக்கும் அவர்கள் கொழுப்பைத் தேர்ந்தெடுத்துச் சாப்பிடச் சொல்லிக் கொடுக்கப்பட்டவர்கள். நெய்யும் தேங்காய் எண்ணெயும் கணக்கில்லாமல் உள்ளே போனால் சிலருக்கு அது எங்கேயோ போய் நிற்கும். உங்கள் வீட்டுச் சீட்டில் 186 என்று நிற்பது போல.

"கம்பெனிக்காரன் கட்டிவிட்ட கதை" என்பதற்கு ஒரு பதில். ஸ்காண்டிநேவிய நாடுகளில் ஏற்கெனவே இதய நோய் வந்த 4,444 பேரில் பாதிப் பேருக்குச் சிம்வாஸ்டாடின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரையும் மீதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்து ஐந்து வருடத்துக்கு மேல் கவனித்தார்கள். 1994-இல் முடிவு வெளிவந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 256 பேரும், மருந்து எடுத்தவர்களில் 182 பேரும் இறந்திருந்தார்கள். இந்த ஆய்வுக்கு மருந்துக் கம்பெனியின் பணம் உண்டு. அதனால் நம்ப மாட்டேன் என்றால், எந்தக் கம்பெனியும் கட்டிவிட முடியாத சான்று ஒன்று இருக்கிறது. பிறவியிலேயே எல்.டி.எல்.-ஐ ரத்தத்திலிருந்து அகற்ற முடியாத குழந்தைகள் இருக்கிறார்கள். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அந்தக் குறை வந்துவிட்டால் பள்ளிக்கூட வயதிலேயே மாரடைப்பு வரக்கூடும். அந்தக் குழந்தைகள் நெய்யையும் அரிசியையும் பற்றி யாரிடமும் வாதாடியதில்லை. அதன் காரணத்தைக் கண்டுபிடித்த பிரௌன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. மறுபக்கம், பிறவியிலேயே எல்.டி.எல். குறைவாக இருக்கிற குடும்பங்களும் உண்டு. அவர்களுக்கு மாரடைப்பு மிகவும் குறைவு. எல்.டி.எல். ரத்தத்தில் துகள் துகளாக ஓடுகிறது. "துகள் பெரிதாக இருந்தால் ஆபத்தில்லை" என்று கொழுந்தன் அடுத்துச் சொல்லக்கூடும். பெரிய துகளும் ரத்தக்குழாய்ச் சுவருக்குள் நுழையும். எத்தனை துகள் ஓடுகிறது என்பதுதான் கணக்கு.

மாவுச்சத்து நல்லதா, கொழுப்பு நல்லதா என்று உலகம் முழுக்க நடக்கும் சண்டையில் இரு தரப்புக்கும் ஆய்வு இருக்கிறது. இந்தியாவும் சேர்ந்த 18 நாட்டில், ஒரு லட்சத்து 35 ஆயிரம் பேரைப் பின்தொடர்ந்த ஆய்வை 2017-இல் வெளியிட்டார்கள். மாவுச்சத்தை மிக அதிகமாகச் சாப்பிட்டவர்களிடம் மரணம் கூடுதலாக இருந்தது. "பார்த்தாயா" என்று எல்லோரும் இதைத்தான் பகிர்ந்தார்கள். இதய நோய் மரணத்தோடு அதற்குத் தொடர்பு காணவில்லை என்று அதே ஆய்வில் இருந்த வரியைப் பகிர்ந்தவர்கள் குறைவு. அடுத்த வருடமே அமெரிக்காவில் 15 ஆயிரத்துச் சொச்சம் பேரை வைத்து இன்னொன்று வந்தது. 50 முதல் 55 சதவீதம் மாவுச்சத்து எடுத்தவர்களுக்கு ஆபத்து குறைவு. 40-க்குக் கீழே போனவர்களுக்கும் 70-க்கு மேலே போனவர்களுக்கும் கூடுதல். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கடுத்த வரி. மாவுச்சத்தைக் குறைத்து அந்த இடத்தில் ஆடு, மாடு, கோழி என்று நிரப்பியவர்களுக்கு மரணம் கூடியது. பருப்பு, கொட்டை, கடலை என்று நிரப்பியவர்களுக்குக் குறைந்தது. இவை அவரவர் சாப்பிடுவதைக் கவனித்து எழுதிய ஆய்வுகள்தான், முடிந்த முடிவல்ல. ஆனால் வீட்டில் கேட்க வேண்டிய கேள்வியைக் காட்டிவிடுகின்றன: சோற்றை எடுத்த இடத்தில் எதை வைத்தீர்கள்?

உங்கள் வீட்டில் மட்டனையும் நெய்யையும் வைத்திருக்கிறீர்கள். பாம்பனில் உட்கார்ந்துகொண்டு! அமெரிக்க இதயச் சங்கம் 2023-இல் பத்து விதமான சாப்பாட்டு முறைகளுக்கு மதிப்பெண் போட்டது. உங்கள் வீட்டுக்காரர் இருக்கிற, மாவுச்சத்தை அடியோடு நீக்கும் முறைக்கு 100-க்கு 31. காய், பருப்போடு மீனைச் சேர்த்துக்கொள்ளும் முறைக்கு 92. சூடையும் சாளையும் கும்புளாவும் நெத்திலியும் நம் வாசலில் வந்து இறங்குகின்றன. இதயத்துக்கு வேண்டிய ஒமேகா-3 கொழுப்பு இந்தச் சின்ன மீன்களில்தான் நிறைய. விலை போகாத மீன் கோழித் தீவனத்துக்கு லாரி ஏறுகிறது. நாம் கிலோ எண்ணூறு, தொள்ளாயிரம் கொடுத்து ஆட்டுக்கறி வாங்கி இதயத்தைக் காப்பாற்றப் பார்க்கிறோம்.

அதனால் சோற்றைக் குறைத்ததை மாற்ற வேண்டாம். இத்தனை நாள் அவர் காட்டிய கட்டுப்பாடு சாதாரண விஷயமில்லை. மத்தியானம் ஒரு கிண்ணம் சோறு போதும், சித்திரைக்கார் அரிசியோ குதிரைவாலியோ கிடைத்தால் இன்னும் நல்லது. அதைவிடக் கூடுதலாக மீன். பொரிக்காமல், புளிக்குழம்பிலோ அவியலாகவோ. வட்டிலில் பாதி காயும் முருங்கைக்கீரையுமாக இருக்கட்டும். இட்லிக்குப் பதில் பாசிப்பயறு, சுண்டல், முட்டை ஒன்று. ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம்பருப்பை மிச்சம் வைக்காதீர்கள். ரேஷன் பாமாயிலை இவருக்குச் சமைக்க வேண்டாம். அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைய நிறைவுற்ற கொழுப்பு, தேங்காய் எண்ணெயிலோ பத்தில் எட்டுப் பங்குக்கு மேல். நல்லெண்ணெய் அல்லது கடலை எண்ணெய், அளவோடு. குழம்புக்கு அரைக்கிற தேங்காய்ச் சில்லைப் பற்றி நான் சண்டை போடவில்லை. காப்பியில் ஊற்றுகிற எண்ணெயைத்தான் நிறுத்தச் சொல்கிறேன்.

டாக்டரிடம் இதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள்: ஐந்து மாதமாகச் சோறு இல்லை என்று. கிளிமெபிரைடு மாதிரி சுகர் மாத்திரையோ இன்சுலினோ பழைய அளவிலேயே போய்க்கொண்டிருந்தால் சுகர் அளவுக்கு மீறி இறங்கி மயங்கி விழலாம். டாபாகிளிஃப்ளோசின் மாதிரி சுகர் மாத்திரை எடுப்பவர்கள் மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால், சுகர் சரியாகக் காட்டும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறுகிற ஆபத்து உண்டு. வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் என்று தெரியவரும், அப்போது வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. மாவுச்சத்து குறையும்போது உடம்பிலிருந்து உப்பும் நீரும் கூடுதலாக வெளியேறும். பிரஷர் மாத்திரையும் வெயிலும் சேர்ந்தால் கிறுகிறுக்கும். கம்பெனி நாற்காலியில் அது சமாளிக்கக்கூடியது. தடைக்காலம் முடிந்து ஆள் குறைகிறது என்று யாராவது கூப்பிட்டு, இவரும் பழைய ஞாபகத்தில் படகேறிவிட்டால், படகின் முன்முனையான அணியத்தில் நின்று கிறுகிறுப்பது வேறு விஷயம்.

கொலஸ்ட்ரால் மாத்திரையால் கைகால் வலி வந்துதான் நிறுத்தினார் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம், வழி இருக்கிறது. ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்து டெஸ்ட் எடுத்துப் பாருங்கள். அந்தச் சீட்டைக் கொழுந்தனுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அண்ணன் மேல் பாசம் இருப்பதால்தான் அவர் இவ்வளவு சொல்கிறார். எண்ணைப் பார்த்தால் யோசிப்பார்.

கருவாடு கேட்டீர்களே. ஒருவருக்கு ஒரு நாளைக்கு மொத்த உப்பே ஐந்து கிராம், ஒரு டீஸ்பூன்தான். உப்புக் கருவாடு அதில் பெரும்பங்கை ஒரே வேளையில் விழுங்கிவிடும். வெந்நீரில் ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவினால் கொஞ்சம் போகும், முழுக்கப் போகாது. மாதத்துக்கு ஒரு நாள், ஆசைக்கு ஒரு துண்டு, அன்றைக்குக் குழம்பில் தனியாக உப்பே போடாமல். உப்புப் போடாமல் வெயிலில் மட்டும் காய்ந்த நெத்திலி என்று கேட்டால் கருவாட்டுக் கடையில் எடுத்துத் தருவார்கள். அது இவருக்கு இன்னும் கொஞ்சம் தாராளமாகவே ஆகும்.